நாலு பேர் தாங்கும் தளம்

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 தொகுதிகள். வாக்கு எண்ணும் நாளன்று காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளை எடுப்பார்கள். அரை மணி நேரம் கழித்து இயந்திரங்களைத் திறப்பார்கள். அப்போதிருந்து இருட்டும்வரை ஒரு செய்தித் தளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது அந்த 234 வரிகள்தான். தொகுதியின் பெயர், முன்னணியில் இருப்பவர், கட்சி, வாக்கு வித்தியாசம், எத்தனையாவது சுற்று. ஒரு வரிக்கு 500 பைட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 1,17,000 பைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

தமிழ் எழுத்து கணினிக்குக் கொஞ்சம் கனமானது. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'கொ' என்று எழுதினால் ககரத்துக்கு 3, ஒகரக் குறிக்கு 3, ஆக 6. ஆனால் அந்த மூன்று பைட்டில் முதலாவது எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றேதான். இரண்டாவதாக வருவது இரண்டே மதிப்புகளில் ஒன்று. இப்படித் திரும்பத் திரும்ப வருவதை அமுக்குவதற்குத்தான் ஜிஜிப், பிராட்லி போன்ற முறைகள் இருக்கின்றன. கட்சிப் பெயர்கள் வேறு நூற்றுக்கணக்கான தடவை வருகின்றன. அமுக்கிய பிறகு அந்தக் கோப்பு சின்ன லோகோ படம் ஒன்றின் அளவுக்கு வந்துவிடும். பத்து வினாடிக்கு ஒருமுறை ஒரு நிரல் டேட்டாபேஸைப் படித்து இந்தக் கோப்பை எழுதி, நகல்களைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சிடிஎன்னுக்கு அனுப்பிவிட்டால் போதும். பத்து லட்சம் பேர் பத்து வினாடிக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பித்தால் வினாடிக்கு ஒரு லட்சம் ரிக்வெஸ்ட். அதைச் சிடிஎன் பார்த்துக்கொள்ளும். எங்கள் டேட்டாபேஸுக்கு வருவது பத்து வினாடிக்கு ஒரே ஒரு குவரி.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத இடங்களில்தான் "இன்னும் இருபது சர்வர் வாங்கணும்" என்ற பேச்சு தொடங்குகிறது.

நான் சென்னையில் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தின் தொழில்நுட்பக் குழுவில் வேலை பார்க்கிறேன். நாங்கள் நாலு பேர். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கள் வேலை சர்வர்களைப் பெருக்குவது என்று தோன்றும். சர்வரைக் கூட்டுவது எளிது. பணம் கட்டினால் சில நிமிடங்களில் வந்துவிடும். எங்களிடம் குறைவாக இருப்பது வேறு. நாலு தலைக்குள் எவ்வளவு புரிதல் நிற்குமோ அவ்வளவுதான் எங்கள் உண்மையான கொள்ளளவு. அதைச் செலவழிக்கும் ஒவ்வொரு முடிவையும் யோசித்துத்தான் எடுக்கிறோம்.

கூட்டம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் அது எதைக் கேட்டு வருகிறது என்று பார்க்க வேண்டும். தேர்தல் நாளில் எல்லோரும் ஒரே பக்கத்தைக் கேட்கிறார்கள். பங்குச் சந்தை அப்படியில்லை. காலை 9:15-க்குச் சந்தை திறக்கிறது. பெங்களூருவின் ஜெரோதா போன்ற தரகு நிறுவனத்தில் அந்த நிமிடம் உள்ளே வருகிற ஒவ்வொருவரின் இருப்பும் வேறு, ஆர்டரும் வேறு. அங்கே பத்து வினாடி பழைய விலையைக் காட்டினால் வாடிக்கையாளருக்கு நஷ்டம். ஒன்றின் வடிவமைப்பை எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் இரண்டும் கெடும். பெரிய நிறுவனங்களின் கட்டமைப்புப் படங்களைக் கான்ஃபரன்ஸில் பார்த்துவிட்டு அதே பெட்டிகளைத் தங்கள் வெள்ளைப் பலகையில் வரைகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் பின்னால் அங்கே ஒரு தனிக் குழு இருக்கிறது என்பது படத்தில் தெரிவதில்லை.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்ததில் பெரும்பங்கு நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு உண்டு. அங்கே கிடைத்த பதில்களைச் சொல்லவில்லை. அந்தத் தளம் ஓடிய விதத்தைச் சொல்கிறேன். ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஜெஃப் அட்வுட்டும் 2008-இல் தொடங்கியது. 2016-இல் அங்கே பொறியாளராக இருந்த நிக் கிரேவர் தங்கள் கட்டமைப்பு முழுவதையும் பொதுவில் எழுதி வைத்தார். ஒரு நாளைக்கு 20 கோடிக்கு மேல் ரிக்வெஸ்ட், 6.6 கோடிப் பக்கங்கள், 50 கோடி எஸ்கியூஎல் குவரிகள். இவ்வளவையும் தாங்கியவை 11 வெப் சர்வர், 4 எஸ்கியூஎல் சர்வர், 2 ரெடிஸ், தேடலுக்கும் டேகுகளுக்கும் மும்மூன்று, முன்னால் 4 லோட் பேலன்சர். எல்லாம் ஒரே நிரல், தனித்தனிச் சேவைகளாகப் பிரிக்கப்படாத ஒற்றைத் தொகுப்பு. அந்தப் பதினொன்றும்கூடப் பெரும்பாலும் சும்மாதான் இருந்தன. ஒரே ஒரு வெப் சர்வரில் தளம் ஓடிய தருணங்களும் உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஒரு கேள்விப் பக்கத்தைத் தயாரிக்க அவர்களுக்கு ஆன நேரம் சராசரியாக 23 மில்லிவினாடிதான். அந்த எண்ணைச் சிறியதாக வைத்திருக்க அவர்கள் செய்த ஒரு காரியத்தை நான் எங்கு போனாலும் சொல்வேன். மினிபுரொஃபைலர் என்று ஒரு சின்னக் கருவியை எழுதினார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் தளத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், மூலையில் அந்தப் பக்கத்துக்கு எத்தனை மில்லிவினாடி ஆனது என்று காட்டும். தொட்டால் விரியும், எத்தனை குவரி ஓடியது, எது எவ்வளவு நேரம் எடுத்தது, ஒரே குவரி எத்தனை முறை திரும்ப ஓடியது என்று சொல்லும். இதற்காகத் தனியாக ஒரு டாஷ்போர்டைத் தேடிப் போக வேண்டாம், மாத அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். வேலை செய்கிற கண்ணுக்கு முன்னால் எண் எப்போதும் இருக்கிறது. அது 40-லிருந்து 90 ஆனால் அன்றே ஒருவர் "இது என்ன?" என்று கேட்பார். பெரிய நிறுவனத்தில் இதற்கென்று ஒரு செயல்திறன் குழு இருக்கும். நாலு பேர் இருக்கிற இடத்தில் அந்த நாலு பேரின் கண்தான் செயல்திறன் குழு.

நாங்களும் அதையே செய்தோம். எங்கள் தளத்தின் மூலையிலும் ஆசிரியர் குழுவும் நாங்களும் மட்டும் பார்க்கும்படி ஓர் எண் இருக்கிறது. செய்தியாளர்களே இப்போது அதைப் படிக்கப் பழகிவிட்டார்கள். "தம்பி, சினிமாப் பக்கம் நானூறு காட்டுதே, ஏதாச்சும் மாத்தினீங்களா?" என்று இரவுப் பணியிலிருக்கும் மூத்த துணை ஆசிரியர் கேட்கிறார். எந்த அலாரத்தைவிடவும் எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். செய்தியின் கீழே 'தொடர்புடைய செய்திகள்' என்று பத்துத் தலைப்புகள் வரும். அதற்கான குவரி எளிமையானது: இந்த டேக் உள்ள செய்திகளைத் தேதி வாரியாக அடுக்கி முதல் பத்தைக் கொடு. தொடக்கத்தில் சில ஆயிரம் செய்திகள் இருக்கும்போது எந்தச் சிக்கலும் இல்லை. வருடங்கள் போய்ச் செய்திகள் பல லட்சம் ஆகின்றன. எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸிடம் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கொடுத்துப் பார்த்தால் அது தான் செய்வதை மறைக்காமல் சொல்லிவிடும்: மொத்த அட்டவணையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறேன், பொருந்துவதை எல்லாம் அடுக்குகிறேன், பத்தை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறேன். அதற்கு அரை வினாடி ஆகிறது. டேக், வெளியான தேதி இரண்டையும் சேர்த்து, தேதியை இறங்குவரிசையில் வைத்து ஒரே ஒரு இண்டெக்ஸ் போட்டால் அந்தப் பத்து வரிகளும் ஏற்கெனவே அடுக்கிய நிலையில் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். ஐந்து மில்லிவினாடி.

அரை வினாடியும் மனிதனுக்கு ஒன்றுமில்லைதான். அது சர்வரை ஏன் வீழ்த்துகிறது என்பதை 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு விதி சொல்கிறது. உள்ளே நிற்கிறவர்களின் எண்ணிக்கை, வினாடிக்கு வருகிறவர்களை ஒருவர் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் வரும். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்: வருகிறவர்கள் கூடாவிட்டாலும், எடை போடுகிறவர் கை தாமதமானால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். எங்கள் கணக்குக்கு வருவோம். வினாடிக்கு 200 பேர் செய்தியைத் திறக்கிறார்கள், குவரிக்கு அரை வினாடி. 200-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 100. எந்த நேரத்திலும் டேட்டாபேஸுடன் 100 இணைப்புகள் திறந்திருக்கும். போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிக்கும் இணைப்புகளே 100. அடுத்த ஆள் வந்தால் கதவு மூடியிருக்கும். இண்டெக்ஸ் போட்ட பிறகு 200-ஐ 0.005-ஆல் பெருக்குங்கள். ஒன்று. வாசகர் ஒருவர்கூடக் குறையவில்லை, நூறு இணைப்பு ஒன்றாகிவிட்டது. இதற்கு ஆன செலவு ஒரு வரி எஸ்கியூஎல்.

இதன் அடுத்த படியும் முக்கியம். ரிக்வெஸ்ட்கள் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, கொத்துக் கொத்தாக வரும். வரிசைகளைப் பற்றிய எளிய கணித மாதிரியின்படி, ஒரு சர்வர் தன் திறனில் பாதி அளவு வேலை செய்யும்போது ஒரு ரிக்வெஸ்டுக்கு ஆகும் மொத்த நேரம் வேலை நேரத்தைப் போல 2 மடங்கு. 80 சதவீதத்தில் 5 மடங்கு, 90-இல் 10, 95-இல் 20. "இன்னும் பத்து சதவீதம் மிச்சம் இருக்கே" என்று கணக்குப் பார்க்கும் மேலாளருக்கு இந்த எண்களை எழுதிக் காட்டினால் போதும், வேறு வாதம் வேண்டியதில்லை. 60, 70 சதவீதத்துக்கு மேல் போக விடாமல் வைத்திருப்பது வீண்செலவு ஆகாது.

கேஷ் போட்டால் எல்லாம் தீரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். முகப்புப் பக்கத்தைக் கேஷில் 60 வினாடி வைக்கிறோம். அறுபத்தோராவது வினாடியில் அது காலாவதியாகிறது. சாதாரண நாளில் அந்த வினாடியில் வருகிறவர்கள் சிலர்தான். பெரிய செய்தி வெடித்த நேரத்தில் ஆயிரம் பேர் ஒரே நொடியில் கேஷைப் பார்த்து, இல்லை என்று அறிந்து, ஆயிரம் பேரும் டேட்டாபேஸுக்கு ஓடுவார்கள். ஆயிரம் பேருக்கும் ஒரே பக்கத்தை ஆயிரம் முறை தயாரிப்போம். ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013-இல் தங்கள் மெம்கேஷ் அமைப்பைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் வருகிறவருக்கு மட்டும் தயாரிக்கும் உரிமையைக் கொடு, மற்றவர்களைச் சற்றுப் பொறுத்து மீண்டும் பார்க்கச் சொல். இந்தச் சிக்கலுக்கு அதிகம் ஆளாகும் தரவுகளில் அவர்கள் சோதித்தபோது உச்ச நேரத்தில் டேட்டாபேஸுக்குப் போன குவரிகள் வினாடிக்கு 17,000-லிருந்து 1,300 ஆனதாக எழுதியிருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் அதை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸில் இதற்கான அமைப்பு உள்ளேயே இருக்கிறது: ஒருவர் புதிய பக்கத்தைக் கொண்டுவரும்வரை மற்றவர்களுக்குப் பழைய பக்கத்தையே கொடுக்கச் சொல்லலாம். பின்னால் இருக்கும் நிரல் பதில் சொல்லாமல் போனாலும் பழையதையே கொடுக்கச் சொல்லலாம். செய்தித் தளத்தில் சில வினாடி பழைய முகப்பைப் பார்ப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. வெற்றுப் பக்கத்தைப் பார்த்தால் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்கள்.

எதை விட்டுக்கொடுப்பது என்பதை முன்கூட்டியே, நிதானமாக இருக்கும்போது முடிவு செய்ய வேண்டும். நெருக்கடியில் முடிவு செய்ய ஆரம்பித்தால் ஆளுக்கு ஒன்று சொல்வோம். எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. கூட்டம் ஒரு அளவைத் தாண்டினால் முதலில் தொடர்புடைய செய்திகள் மூடப்படும், அடுத்து கருத்துப் பகுதி, அடுத்து தேடல், கடைசியாகப் படங்களின் தரம் குறையும். செய்தியின் எழுத்து கடைசிவரை நிற்கும். ஆசிரியருடன் உட்கார்ந்துதான் இந்தப் பட்டியலைப் போட்டோம்.

"கமெண்டை மூடினா வாசகர்கள் கோபப்பட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"முடிவு தெரியாமப் போனாத்தான் சார் கோபப்படுவாங்க. கமெண்ட் சாயங்காலம் திறந்தாப் போதும்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மாவட்டச் செய்திகள் மட்டும் எந்த நிலையிலும் மூடக் கூடாது என்றார். அதை நாங்களாக யோசித்திருக்க மாட்டோம். எங்கள் வாசகர்களில் பலர் வெளியூரில் இருந்துகொண்டு சொந்த ஊர்ச் செய்தியைத் தேடி வருகிறவர்கள் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இன்ஸ்டாகிராம் கதையைப் பலர் தொகையை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்: 2012 ஏப்ரலில் 13 ஊழியர்கள், 100 கோடி டாலர். எனக்கு அதற்கு முந்தைய வருடம்தான் சுவையானது. 2011 இறுதியில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பயனர்களை 3 பொறியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், மெம்கேஷ், என்ஜின்எக்ஸ். அன்றைக்கே நன்றாக அறியப்பட்டவை எல்லாம். எளிமையாக வை, இருப்பதை மறுபடி செய்யாதே, நிரூபணமானதை எடுத்துக்கொள் என்று அவர்களே தங்கள் கொள்கையை எழுதினார்கள். அவர்கள் செய்த சின்ன வேலை ஒன்றை நான் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் காட்டுவேன். 30 கோடிப் படங்களில் எது யாருடையது என்று நினைவகத்தில் வைக்க வேண்டியிருந்தது. ரெடிஸில் படத்துக்கு ஒரு சாவி என்று நேரடியாக வைத்தால் 21 ஜிபி. ரெடிஸின் முதன்மை நிரலாளர்களில் ஒருவரிடம் கேட்டு, ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்து ஹேஷ்களில் வைத்தார்கள். 5 ஜிபி. புதிய மென்பொருள் எதுவும் இல்லை, கூடுதல் இயந்திரம் இல்லை. கையில் இருக்கும் கருவி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டதன் பலன் அது.

அதே போலத்தான் படங்களுக்கு எண் கொடுத்ததும். டேட்டாபேஸைப் பல துண்டாகப் பிரித்த பிறகு, ஒன்றோடொன்று மோதாத எண் ஒவ்வொரு படத்துக்கும் வேண்டும். அதற்கென்று தனிச் சேவை வைக்கலாம். வைத்தால் அதையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் 64 பிட் எண்ணைப் பங்கு போட்டார்கள்: 41 பிட் நேரத்துக்கு, 13 பிட் துண்டின் எண்ணுக்கு, 10 பிட் வரிசை எண்ணுக்கு. போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே சில வரி நிரல். எண்ணை அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும், எண்ணைப் பார்த்தாலே எந்தத் துண்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். புதிதாக ஒரு பாகம் சேரவே இல்லை. சிறிய குழுவின் வடிவமைப்பில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஒரு புதிய பாகத்தைச் சேர்க்கும்போது அதை நிறுவ ஆகும் அரை நாளை மட்டும்தான் எல்லோரும் கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கு மேம்படுத்தல் உண்டு, பேக்கப் உண்டு, பாதுகாப்பு ஓட்டைகள் உண்டு, இரவில் எழுப்பும் உரிமை உண்டு. புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதை நன்றாக அறிந்த ஒருவர் வேலையை விட்டுப் போனால் மீதிப் பேர் விழிக்க வேண்டும். எட்ஸியில் பணியாற்றிய டான் மக்கின்லி 2015-இல் எழுதிய கட்டுரையில் புதிய தொழில்நுட்பம் ஒன்றை எடுக்கும்போதெல்லாம் செலவாகும் புதுமை டோக்கன்கள் ஒரு நிறுவனத்தின் கையில் சுமார் மூன்றுதான் உண்டு என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நாலு பேர் குழுவுக்கு மூன்றே அதிகம் என்பது என் கருத்து. எங்கள் அலுவலகத்தில் விதி இதுதான்: இரண்டு பேராவது நள்ளிரவில் தனியாகச் சரிசெய்யத் தெரிந்த பொருள் மட்டுமே நேரடித் தளத்தில் இருக்கலாம். குபர்நெட்டீஸ் வேண்டாம், சேவைகளாகப் பிரிக்க வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்ததும் அதனால்தான். அவை மோசமான கருவிகள் அல்ல. எங்களிடம் அவற்றுக்கு ஆள் இல்லை.

பாகங்கள் குறைவாக இருப்பதன் பயன் தளம் விழும்போதுதான் முழுதாகத் தெரியும். 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் விழுந்தது. யாரோ ஒருவர் சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வரும் ஒரு பதிவைப் போட்டிருந்தார். வரியின் ஓரத்து வெற்றிடங்களை வெட்டுவதற்கான ஒரு சின்ன ரெகுலர் எக்ஸ்பிரஷன் அதில் சிக்கிக்கொண்டது. முதல் வெற்றிடத்திலிருந்து கடைசிவரை போய்ப் பார்க்கும், பொருந்தவில்லை, இரண்டாவதிலிருந்து மறுபடி, மூன்றாவதிலிருந்து மறுபடி. கிட்டத்தட்ட 20 கோடிச் சோதனைகள். அந்தப் பதிவு முகப்பில் தெரிகிற பட்டியலில் இருந்தது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று லோட் பேலன்சர் சோதித்துப் பார்த்ததும் முகப்பைத் திறந்துதான். முகப்பு திறக்கத் தாமதமானதால் எல்லாச் சர்வரும் இறந்துவிட்டதாக அது முடிவு செய்து, மொத்தத் தளத்தையும் எடுத்துவிட்டது. அவர்கள் காரணத்தைக் கண்டுபிடிக்க 10 நிமிடம், திருத்தி எழுத 14 நிமிடம், எல்லாச் சர்வருக்கும் அனுப்ப 10 நிமிடம். பத்தே நிமிடத்தில் காரணத்தைப் பிடித்ததை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன். தேட வேண்டிய இடங்கள் குறைவாக இருந்ததும் அதற்கு உதவியிருக்கும் என்றே நம்புகிறேன். அந்தக் குறிப்பைப் படித்த வாரமே எங்கள் லோட் பேலன்சரின் சோதனையை முகப்பிலிருந்து மாற்றி, டேட்டாபேஸைத் தொடாத ஒரு சின்னப் பக்கத்துக்குக் கொண்டுபோனோம்.

ஆள் அதிகம் இருந்தால் இதெல்லாம் தானாக வந்துவிடும் என்பதும் இல்லை. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர் டாட் கவ் 2013 அக்டோபர் 1-இல் திறந்தபோது அதற்குப் பின்னால் பல டஜன் ஒப்பந்த நிறுவனங்கள் இருந்தன. முதல் நாள் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். மீட்க வந்த சிறிய குழு தொடக்கத்திலேயே செய்த காரியம், எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எல்லோரும் பார்க்கும்படி ஓர் அளவைப் பலகையை வைத்தது. அதுவரை அப்படி ஒன்று அங்கே இருக்கவில்லை.

கூட்டம் என்றாலே வாசகர் கூட்டம் என்றில்லை. வேலைக் கூட்டமும் உண்டு. பங்கு வாங்கி விற்றவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் ஒப்பந்தக் குறிப்பு அனுப்பியாக வேண்டும் என்பது செபியின் விதி. ஜெரோதாவில் அது ஒரு நாளைக்கு 15 லட்சம் பிடிஎஃப் ஆனது. முன்பு ஒரு பெரிய சர்வரில் 7, 8 மணி நேரம் ஓடிக்கொண்டிருந்த வேலையை அவர்கள் 25 நிமிடத்துக்குக் கொண்டுவந்து, எப்படி என்பதை முழுதாக எழுதினார்கள். ஒரு பிரவுசரை மறைவில் திறந்து எச்டிஎம்எல்லைப் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டிருந்ததை விட்டு லேடெக்குக்கு மாறினார்கள், அதுவும் கனமாக இருக்கவே டைப்ஸ்டுக்குப் போனார்கள். கைலாஷ் நாத் வழிநடத்தும் அந்தத் தொழில்நுட்பக் குழுவில் முப்பது சொச்சம் பேர்தான். இந்தியாவிலிருந்து இப்படித் திறந்த மனதோடு எழுதப்பட்டவை குறைவு. அதனாலேயே அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

இந்த எண்களைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. 2014-இல் வாட்ஸ்அப்பை விற்றபோது 45 கோடிப் பயனர்களுக்கு 32 பொறியாளர்கள் இருந்தார்கள் என்பதைக் காட்டி, "நமக்கு எதுக்கு ஏழு பேர்?" என்று கேட்கும் நிர்வாகிகளைச் சந்தித்திருக்கிறேன். அந்த 32 பேர் விளம்பரம் காட்டவில்லை, விளையாட்டுச் சேர்க்கவில்லை, வருடக்கணக்காகச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் ஒரே வேலையைச் செய்தார்கள். எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய எர்லாங் மொழியில் எழுதி, ஒரே இயந்திரத்தில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்க வைத்தார்கள். ஆளைக் குறைக்க விரும்பும் நிர்வாகி வேலையையும் குறைக்கச் சம்மதிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு புதிய அம்சத்தைக் கேட்டுக்கொண்டு குழுவைச் சின்னதாக வைப்பது சிக்கனம் அல்ல, அநியாயம். இரவு முழுக்க விழித்தவருக்கு மறுநாள் விடுப்பு கொடுக்காத இடத்தில் நல்ல பொறியாளர்கள் நிலைக்க மாட்டார்கள். அவர்கள் போகும்போது அந்தப் புரிதலும் கூடவே போகும்.

எங்களிடம் சரிசெய்யும் முறைகளுக்கு ஒரு குறிப்பேடு உண்டு. அதைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து, நாங்கள் பேசுகிறபடியே எழுதியிருக்கிறோம். 'முதலில் டிஸ்க் நிறைந்திருக்கிறதா பார். நிறைந்திருந்தால் பழைய லாக்கை அழி. டேட்டாபேஸ் கோப்பில் கை வைக்காதே, அண்ணனைக் கூப்பிடு' என்ற பாணியில் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்தவருக்கு அந்த நடைதான் உடனே புரிகிறது. தேர்தலுக்கு முன் ஒருமுறை, அதில் உள்ளவற்றைக் குழுவில் இளையவர் தனியாகச் செய்து பார்ப்பார், மற்றவர்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுவோம்.

நான் இங்கே சொன்னவற்றில் பாதிக்கு மேல் மற்றவர்கள் எழுதி வைத்ததைப் படித்துக் கற்றது. நிக் கிரேவரும் இன்ஸ்டாகிராமின் மைக் கிரீகரும் ஜெரோதா குழுவினரும் எழுதாமல் இருந்திருந்தால் எங்களைப் போன்ற நாலு பேர் எத்தனையோ இரவுகளை வீணாக்கியிருப்போம். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் பெரிய கூட்டத்தைச் சின்னக் குழுவோடு தாங்குகிற தளங்கள் இருக்கின்றன: பேருந்து முன்பதிவு, பள்ளிக் கட்டணம், மருத்துவப் பதிவு, காய்கறி விநியோகம். அங்கே வேலை செய்கிற தம்பி தங்கைகளே, எந்தக் குவரி தாமதமானது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், முன்பு எத்தனை மில்லிவினாடி, பிறகு எத்தனை என்று நாலு பக்கம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். நிறுவனத்தின் ரகசியம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இண்டெக்ஸ் எதுவும் ரகசியம் அல்ல.